இட்லிக்குமா நெஞ்செரிச்சல்?

நெஞ்செரிச்சல் என்றதும் நம் வீடுகளில் முதலில் திட்டு வாங்குவது மிளகாய், அடுத்து புளி. ஆனால் கடிகாரத்தை யாராவது சந்தேகப்பட்டதுண்டா?

அரிமளத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்துவார். பத்தரைக்கு வீட்டில் சாப்பாடு, பதினொன்றுக்குப் படுக்கை. நடுராத்திரியில் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறும், எழுந்து உட்கார்ந்து இருமுவார். காலையில் ஒரு சோடா, மெடிக்கலில் தானே கேட்டு வாங்கும் ரானிடிடின் மாத்திரை. இப்படியே பல வருஷம்! (அதே ரானிடிடினில் என்.டி.எம்.ஏ. என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2020-ல் அமெரிக்காவில் அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது.)

ஒருநாள் இரவு நெஞ்சு வலி. "கேஸ்தான்" என்று சோடாவைத் தேடினார். மனைவி விடவில்லை, புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனார். ஈ.சி.ஜி.யில் கோளாறு எதுவும் இல்லை. டாக்டர் ஒரு வேலை கொடுத்தார்: என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது எரிந்தது... எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

கடைக்காரருக்குக் கணக்கு எழுதச் சொல்லித் தரவேண்டுமா? கடன் நோட்டின் பின்பக்கத்தில் ஆரம்பித்தார். பதினைந்து நாளில் விஷயம் பிடிபட்டது. மத்தியானம் காரமான கருவாட்டுக் குழம்பு: தொந்தரவு இல்லை. இரவு பத்தரைக்கு ஆறு இட்லி: எரிச்சல்!

காரணம் எளிதுதான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் கதவு மாதிரி இருக்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால் அமிலம் அந்தக் கதவைத் தாண்டி மேலே வருவது சுலபம். சோடாவின் காற்றும் வயிற்றை உப்ப வைத்து அதைத் திறக்கிறது. வேட்டிமேல் இறுக்கிக் கட்டும் அகலமான பெல்ட் வெளியிலிருந்து அமுக்குகிறது. காரமும் காபியும் சிலருக்கு ஆகாது, எல்லாருக்கும் அப்படியில்லை.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் எட்டு மணிதான் கடையில் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். அதைவிடப் பெரிய சிக்கல், நாள் முழுக்கக் கடையில் நிற்கும் மனுஷனுக்குப் பிள்ளைகளோடு பேசக் கிடைப்பது அந்தப் பத்தரை மணிச் சாப்பாட்டில்தான்.

ஏழரைக்குக் கடைக்கே டிபன் கேரியர் வந்தது. பத்தரைக்கு மற்றவர்கள் சாப்பிட, இவர் வெந்நீர் டம்ளரோடு உட்கார்ந்தார். "நீங்க சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தா எங்களுக்கு எப்படிங்க இறங்கும்?" என்றார் மனைவி. ஒரு வாரத்தில் வீட்டிலும் எட்டு மணிக்கே சாப்பாடு முடிந்தது. பத்தரை மணி இப்போது பேச்சுக்கு மட்டும்!

மற்றவை சின்னச் சின்ன மாற்றங்கள். பெல்ட் தளர்ந்தது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்கு மரக்கட்டை வைத்தார். (தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கும், பிரயோஜனமில்லை.) இடது பக்கம் சாய்ந்து படுக்கிறார், அப்படிப் படுத்தால் அமிலம் அந்தக் கதவுக்குக் கீழேயே தங்கும். தொப்பை குறைய கடைக்கு நடந்தே போகிறார். எப்போதாவது கல்யாண வீட்டில் நேரம் கழித்துச் சாப்பிட்டால் எரிச்சல் திரும்பி வரும், நோட்டிலும் ஏறும்.

நண்பர்களே, ஒன்றை மறக்க வேண்டாம். நெஞ்சு வலி கையிலோ தாடையிலோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால் "கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது இவற்றுக்கும் டாக்டர்தான். மற்றபடி, இன்று இரவு உங்கள் அப்பா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்? கொஞ்சம் கவனியுங்களேன்...