இரண்டு மில்லிமீட்டர்

லண்டனில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. "டீச்சர், பொழுது எப்படிப் போகிறது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். தையல் படிக்கிறேன். அதுவும் கார்செட்!

பேத்திக்குப் பள்ளி நாடகத்தில் விக்டோரியா ராணி காலத்துச் சீமாட்டி வேடம். அந்தக் காலப் பெண்கள் கவுனுக்குள் போட்டு, முதுகில் கயிறு கோத்துக் கட்டிய உள்ளாடைதான் கார்செட். "அம்மாச்சி, தச்சுத் தர்றீங்களா?" என்றாள். ஆயுள் முழுக்க அளவு ஜாக்கெட்டைத் தையல்காரரிடம் கொடுத்ததோடு சரி. ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

மெஷினும் பேட்டர்னும் மகளுடையவை. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, மொத்தம் 12 துண்டுகள். அவை நிமிர்ந்து நிற்க இடையிடையே கம்பி செருக வேண்டும். முன்பு செருகியதற்குத் திமிங்கில எலும்பு என்று பெயர். உண்மையில் அது எலும்பே இல்லை. திமிங்கிலத்தின் வாயிலுள்ள தகடு, நம் நகம் போன்ற பொருள். இப்போது எஃகும் பிளாஸ்டிக்கும் வந்துவிட்டன.

எடுத்தவுடன் நல்ல துணியில் கை வைக்கக் கூடாதாம். மலிவான துணியில் வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். அந்தத் துணியை இங்கே காலிகோ என்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் நம்ம காடா துணி! கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறிய துணி என்பதால் வந்த பெயர்.

தைத்ததைப் பேத்திக்குப் போட்டுக் கயிற்றை இழுத்தோம். முதுகில் 5 செ.மீ. இடைவெளி நிற்க வேண்டும். நின்றது ஒரு செ.மீ. "பேட்டர்ன்தான் தப்பு" என்றேன், கணக்கு டீச்சர் தோரணையில்.

மகள் பேசாமல் ஸ்கேலை எடுத்தாள். ஓரத்தில் 15 மி.மீ. விட்டுத் தைக்க வேண்டியதை நான் 13 விட்டுத் தைத்திருந்தேன். ஒரு தையலில் இரண்டு துண்டுக்கும் சேர்த்து 4 மி.மீ. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துத் தையல். நாலு செ.மீ. கணக்குச் சரியாக வந்துவிட்டது.

"வெட்டினது சரி, சேர்த்த வரிசையும் சரி. தையல் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போச்சு. பிரிச்சுத் தச்சாப் போதும்மா" என்றாள்.

அவளும் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள்தான். ஒரு தேர்வில் வழிமுறையெல்லாம் சரியாகப் போட்டுக் கடைசிக் கூட்டலில் தவறியதற்கு சைபர் போட்டு, "கவனக்குறைவு" என்று சிவப்பு மையில் எழுதினேன். பொதுத்தேர்வில் ஸ்டெப் மார்க் உண்டு; என் வகுப்பில் கிடையாது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. சொந்த மகளுக்கே சலுகை காட்டவில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

"அன்னைக்கு அந்த சைபர் போட்டது தப்புடி" என்றேன். "எந்த சைபர்?" என்று கேட்டுவிட்டு டீ போடப் போனாள். மறந்தவள் குரல் இல்லை அது.

மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து பத்துத் தையலையும் பிரித்துத் தைத்தேன். இப்போது இடைவெளி நாலரை செ.மீ. போதும் என்கிறாள் பேத்தி. நாளை நல்ல துணியை வெட்டுகிறோம்.

என்னிடம் அப்படி சைபர் வாங்கியவர்கள் இதைப் படித்தால், ஸ்டெப் மார்க்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். டீச்சர் கையெழுத்துப் போட்டதாக வைத்துக்கொள்ளலாம்.