அச்சில் வந்த கடிதம்

சென்ற மாதம் எங்கள் இல்லத்திற்கு வர்ண அச்சியந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. கம்பித் தொடர்பு வேண்டாதது. மகளின் பரீட்சைக்கான பழைய வினாத்தாள்களை அச்சிடுவதற்காகவே அதனை வாங்கினோம்.

முதல்நாள் மாலை முழுவதும் அது எம்மைச் சோதித்தது. கைத்தொலைபேசி அழைத்தது, யந்திரம் செவிசாய்க்கவில்லை. எங்கள் வீட்டு வைஃபை 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குவது. யந்திரமோ முதலாவதை மட்டுமே அறியும். இதனைக் கண்டறிந்து இணைத்தவள் மகளே.

பின்னர் பரிசோதனை. சிறிய எழுத்தும் துலக்கமாக விழுந்தது. பசுநீலம், மஜந்தாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளும் கூடி, முற்றத்துச் செவ்வரத்தையைத் தாளில் மலர்வித்தன. ஆயினும் மையின் விலையை எண்ணி, வினாத்தாளுக்குக் கறுப்பே போதும் என்றேன்.

அன்றிரவு, கனடாவிலுள்ள தம்பியின் மின்னஞ்சலைப் பெரிய எழுத்துக்களில் அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். பார்வை மங்கிய அவர், இதுவரை நான் வாசிக்கக் கேட்பதே வழக்கம். விளக்கடியில் தாளைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகத் தாமே வாசித்தார். பின்பு நிமிர்ந்து கேட்டார்: "முழங்கால் நோ இன்னும் மாறவில்லை என்கிறானே, அது எப்போது தொடங்கியது, பிள்ளை?"

நான் மௌனமானேன். அவர் வருந்துவாரென்று அவ்வரிகளை ஒவ்வொரு முறையும் தாண்டியே வாசித்திருந்தேன். யந்திரம் எதனையும் தாண்டவில்லை.

நெடுநாள் வாளாவிருந்தால் மை உலர்ந்து நுண்துளைகள் அடைபடும் என்பர். எங்கள் வீட்டில் அக்கவலை இல்லை. ஞாயிறுதோறும் தம்பியின் கடிதம் அச்சாகிறது, முழுவதுமாக.