முப்பது என்பது எல்லை

மின்சைக்கிளின் கொழுத்த டயரில் வால்வ் முள்ளை நகத்தால் அழுத்தினால் உஸ்ஸென்று பீறிடும் காற்றில் ரப்பரும் டால்க் பவுடரும் கலந்த ஒரு வாசனை இருக்கும், அது மூக்கில் ஏறியதும் ஹூக்ளிக் கரை சாஹாகஞ்சில் டன்லப் ஆலைக்குப் போய்வந்த சித்தப்பாவின் சட்டைதான் எனக்கு ஞாபகம் வரும், சித்தி எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசனை அது. 1936இல் தொடங்கிய அந்த ஆலை மூடிக் கிடக்கிறது, சித்தப்பாவும் இல்லை.

கல்கத்தாவில் நாங்கள் இருந்தது லேக் மார்க்கெட் பக்கம், மல்லிகையும் வாழையிலையும் காப்பிப்பொடியும் மணக்கும் அந்தத் தெருமுனையில் மரத்தடியில் பீகார்க்காரர் ஒருவர் சைக்கிள் பழுதுபார்ப்பார், எல்லாருக்கும் அவர் சாச்சா. காலை வெயில் இலைகளுக்கிடையே சல்லடையாக விழ, தாத்தா வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, சாச்சா காற்றடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அதோடு விடாமல், "பாபு, ஏறி உட்காருங்க" என்பார், தாத்தா உட்கார்ந்ததும் குனிந்து, டயர் தரையில் எவ்வளவு பரவுகிறது என்று பார்த்துவிட்டு இன்னும் இரண்டு அடி அடிப்பார், அல்லது கொஞ்சம் இறக்குவார். மெல்லிய டயர் டிராம் தண்டவாளப் பள்ளத்தில் சிக்கிவிடும், அதைக் குறுக்காகக் கடக்கச் சொல்லித் தந்ததும் அவர்தான்.

கோடை விடுமுறைக்கு மாயவரம் போனால் அங்கே வாடகை சைக்கிள் கடை, தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கிக் குமிழி தேடும் கிழவர், மத்தியான வெயிலில் நிற்கும் வண்டிகளுக்கெல்லாம் வால்டியூபைத் தளர்த்திக் கொஞ்சம் காற்றை விட்டுவிடுவார், வெயிலுக்கு டயர் தன்னால் இறுகும் என்பது அவர் கணக்கு, பத்து டிகிரி ஏறினால் மின்சைக்கிளின் கொழுத்த டயரில் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடுகிறது என்று இப்போது தெரிகிறது.

இன்று பெட்ரோல் பங்க்கில் பையன் காதில் ஒயரோடு, கார் டயருக்கு அடிப்பதுபோலவே, ஏறி உட்காரச் சொல்லாமல் அடித்து அனுப்பிவிடுகிறான், நான்கு அங்குல டயரின் பக்கத்தில் 30 என்று எழுதியிருந்தால் அது தாங்கும் எல்லை மட்டுமே, அவ்வளவும் அடித்தால் டிராம் கற்களில் வண்டி துள்ளும், மழைநாளில் பிடிமானம் குறையும், மிகக் குறைத்தாலோ பேட்டரி சீக்கிரம் தீரும், பள்ளத்தில் ரிம் இடித்து டியூப் கிழியும். மோட்டார், பேட்டரி, ஆள் எல்லாம் சேர்ந்த எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின்மேல்தான், அதனால் நடுத்தர எடையுள்ளவர் முன்னால் 15, பின்னால் 20 என்று தொடங்கி, குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் சின்ன மானியால், வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையில் அளக்கலாம், பிறகு ஒன்றிரண்டாக ஏற்றி இறக்கலாம். ஆனால் கடைசி அளவு மானியில் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரைக் குனிந்து டயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.