பாலைவனத்துல நனைஞ்ச கதை!

'தார் பாலைவனத்துல டென்ட் போட்டுத் தங்கப் போறோம்'னு சொன்னதும் ஹாஸ்டல்ல அத்தனை பேரும் கேட்ட ஒரே கேள்வி, "சன்ஸ்க்ரீன் வாங்கிட்டியா மச்சி?" எங்க ஆச்சி மட்டும்தான் பேசாம நாலு கம்பளியை எடுத்து பேக்ல திணிச்சாங்க. ஆச்சி அந்த ஊர்ல குடித்தனம் பண்ணினவங்களாச்சே!

தாத்தா ராணுவத்துல சிக்னல்ஸ் பிரிவு. 1983-லேர்ந்து மூணு வருஷம் ஜெய்சல்மேர் பக்கம் டியூட்டி. இப்ப வயசு 72, கோவில்பட்டியில பென்ஷன் வாழ்க்கை. கண்ணுல பிரஷர். இடது கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமா போயிட்டு இருக்கு. "மொத்தமா போறதுக்குள்ள அந்த மணலையும் நட்சத்திரத்தையும் பேரப்பிள்ளைகளோட ஒருவாட்டி பார்த்துரணும்"னு ஒரே பிடிவாதம். அப்பாவும் சித்தப்பாவும் முடியவே முடியாதுன்னாங்க. கடைசியில, 'பிள்ளைங்க மூணு பேரும் பக்கத்துலயே இருக்கணும்'கிற கண்டிஷனோட பர்மிஷன் கிடைச்சுது. நான், நர்ஸிங் செகண்ட் இயர் படிக்கிற சித்தப்பா பொண்ணு, எட்டாவது படிக்கிற என் தம்பி. யார் யாரைப் பார்த்துக்கிட்டோம்கிறதுதான் கதையே!

2024 டிசம்பர் கடைசி வாரம். ஜெய்சல்மேர்லேர்ந்து சுமார் 50 கி.மீ. தள்ளி கூரின்னு ஒரு கிராமம். டூரிஸ்ட்டுங்க கூட்டம் சாம் மணல்மேட்டுக்குத்தான் ஓடும், அங்கே டான்ஸு, டி.ஜே-ன்னு களைகட்டும். எங்க தாத்தாவுக்கு அதெல்லாம் அலர்ஜி. கூரியில ஒரு ஒட்டகக்காரர் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்துல டென்ட் போட இடம் கொடுத்தார். வழியெல்லாம் ஒரு மரம். "கேஜ்ரி"ன்னார் அவர். "ஏல, இது நம்ம ஊரு வன்னி மரம்தாம்ல"ன்னார் தாத்தா. பிள்ளையார் கோயில்ல இலை பறிச்சுப் போடுவோமே, அதேதான். அங்கே ஆட்டுக்குத் தழை, சமையலுக்கு அதோட காய்னு அதை வெச்சுத்தான் பாதிப் பொழைப்பு ஓடுது.

பகல்ல டி-ஷர்ட் போதும். சூரியன் இறங்கின அரை மணி நேரத்துல பல்லு தந்தி அடிக்க ஆரம்பிச்சுது. காத்துல ஈரம் இல்ல, மேல மேகமும் இல்லன்னா பகல்ல வாங்கின சூட்டை மணல் அப்படியே வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துடும். எட்டு டிகிரி, ஆறு டிகிரியெல்லாம் அங்கே டிசம்பர்ல சகஜம். முதல் நாள் ராத்திரி நட்சத்திரம் பார்க்கலாம்னு வெளியே வந்தா, மேற்கே ஏதோ பால் ஊத்தின மாதிரி மசமசன்னு இருந்துச்சு. தாத்தா மூக்கைத் தூக்கிக் காத்தை மோந்து பார்த்துட்டு, "மழையெல்லாம் வராது. காலைல தெளிஞ்சிரும்"னார். என் போன்ல 'மழைக்கு வாய்ப்பு 20%'னு காட்டுச்சு.

ரெண்டு மணிக்கு ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு பாருங்க!

(20%னா 'வராது'ன்னு அர்த்தம் இல்லைங்க. இதே மாதிரி அஞ்சு நாள் அமைஞ்சா அதுல ஒரு நாள் பெய்யும்னு அர்த்தம். அந்த ஒரு நாள் எங்க நாளு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான்னு நடந்தே வர்ற குளிர்கால மழை இது. ராஜஸ்தான்ல இதுக்கு 'மாவட்'னு தனிப் பேரே உண்டு.)

"எல, எந்திரிங்க! இடத்தை மாத்தணும்!" தாத்தா குரல் கோவில்பட்டி தாத்தா குரலாவே இல்ல. எங்க டென்ட் ரெண்டு மணல்மேட்டுக்கு நடுவுல இருந்த கெட்டித் தரையில இருந்துச்சு. காத்துக்கு மறைவா இருக்கும்னு நேத்து அவரே தேர்ந்தெடுத்த இடம். மணல் தண்ணியைக் குடிச்சிடும், ஆனா அந்தக் களிமண் தரை குடிக்காது. 2006 ஆகஸ்ட்ல பார்மர் மாவட்டத்துல பெரிய வெள்ளம் வந்துச்சு. அங்கே கவாஸ்கிற கிராமத்துல மண்ணுக்கு அடியில ஜிப்சம் படிவு. அதனால தண்ணி இறங்கவே வழியில்லாம வாரக்கணக்குல நின்னுச்சு. பாலைவனத்துல மூழ்கிச் செத்தாங்கன்னா நம்ப முடியுதா?

மேட்டு உச்சிக்குப் போகவும் விடல. "மின்னல் உன்னையத்தான் மொத மொத விசாரிக்கும்"னார். சரிவு மெதுவா, மணல் இறுக்கமா இருந்த பக்கம் பாதி உயரத்துக்கு இழுத்துட்டுப் போனோம். முளைக்குச்சி ஈர மணல்ல உருவிக்கிட்டே வந்துச்சு. தாத்தா சாக்குல மணலை ரொப்பி, கயித்தைக் கட்டி, குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். அது அசையவே இல்ல. நாங்க நாலு குழி தோண்டி முடிக்கிற வரைக்கும் பறந்துட்டு இருந்த டென்ட்டை மழையில நின்னு பிடிச்சுக்கிட்டு இருந்தது அவர்தான்.

உள்ளே வந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா உதடெல்லாம் நீலம். கை வெடவெடன்னு ஆடுது. தம்பி என் முதுகுக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டு, "தாத்தாவுக்கு என்னண்ணே?"ங்கிறான். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியும், இதுக்கு என்ன பண்ணணும்னு தெரியல.

தங்கச்சிதான் முன்னாடி வந்தா. "தாத்தா, சட்டையைக் கழத்துங்க."

"வேண்டாம்மா, தானா காஞ்சிரும்."

"தாத்தா... கழத்துங்க."

கொஞ்சம் முன்னாடி அவர் எங்களை எழுப்பின அதே குரல்! அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பேத்தி முன்னால சட்டையைக் கழட்டவே கூச்சப்படுற மனுஷன் அவர். அப்புறம் பேசாம பட்டனைக் கழட்ட ஆரம்பிச்சார். விரல் கேட்கல. அவளே கழட்டி, துடைச்சு, காஞ்ச வேட்டி சுத்தி, ஆச்சியோட கம்பளி நாலையும் போர்த்தினா. கையைக் காலைத் தேய்ச்சுவிடப் போன என்னைத் தடுத்துட்டா. "தேய்க்கக் கூடாதுண்ணே. முதல்ல நெஞ்சும் முதுகும் சூடாகணும். நடுங்கிட்டு இருக்கிற வரைக்கும் பரவால்ல. உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்னாதான் பயப்படணும்." ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் நான், தாத்தாவை ஒட்டிப் படுத்துக்கிட்டோம். அவர் நடுங்குறதை எண்ணிக்கிட்டே படுத்திருந்த அந்த ஒரு மணி நேரம் இருக்கே... செமஸ்டர் ரிசல்ட்டெல்லாம் ஒரு மேட்டரே இல்லைங்க.

மழை விட்டதும் ஒட்டகக்காரர் லாந்தரோட தேடி வந்துட்டார். கைத்தாங்கலா தாத்தாவைத் தன்னோட வட்டக் குடிசைக்குக் கூட்டிட்டுப் போய், நெருப்பு மூட்டி, சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ போட்டார். ரெண்டாவது டம்ளர்ல நடுக்கம் நின்னுச்சு, முகத்துக்கு நிறம் வந்துச்சு. உடனே தாத்தா, "போன் என்ன சொல்லிச்சுல?"ன்னார். "20%னு சொல்லிச்சு தாத்தா." "நான் ஒண்ணுமே இல்லன்னேன். அதுக்கு அதுவே தேவலை"ன்னுட்டு மூணாவது டம்ளரை நீட்டினார்.

அடுத்த நாள் ராத்திரி வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்துச்சு. தாத்தா ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை மூடி, மாத்தி மாத்திப் பார்த்தார். "வலது கண்ணுல எல்லாம் தெரியுது"ன்னார். இடது கண்ணைப் பத்தி அவரும் சொல்லல, நாங்களும் கேட்கல. தம்பி மட்டும் அவர் கையைப் பிடிச்சு, வானத்துல ஒவ்வொண்ணா காட்டிக்கிட்டே இருந்தான்.

கிளம்பும்போது காசு கொடுக்கப் போனா ஒட்டகக்காரர் வாங்கவே மாட்டேன்னுட்டார். மாவட் பெய்ஞ்சதுல அவரோட கொண்டைக்கடலைக்கு ஏக குஷியாம். தாத்தாவும் அவரும் இந்தியில விடாம மல்லுக்கட்டிட்டு இருந்தாங்க. நாங்க மொதல்ல டென்ட் போட்டிருந்த இடத்துல கணுக்கால் அளவுக்குத் தண்ணி இன்னும் அப்படியே நின்னுச்சு. அவரோட ஒட்டகம் ரெண்டும் சாவகாசமா குடிச்சுட்டு இருந்துச்சுங்க.