முதலைக் கண்

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி என இலக்கணத்தில் படித்திருக்கிறோம். நெடுநீச்சல் வீரர்க்கும் அத்தகைய சொற்கள் உண்டு. பலர் ஒருங்கே பாய்ந்து, கையும் காலும் மோத நீந்தும் போட்டித் தொடக்கம் 'சலவை இயந்திரம்'. கண்களை மட்டும் நீர்மேல் உயர்த்தித் திசை காண்பது 'முதலைக் கண்'. சொல் விளையாட்டுத்தான், நீர் விளையாட்டன்று. 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆனந்தன், 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று உயிரிழந்தார்.

மாத்தளை மாவட்டத்து நாவுல என்னும் ஊரிலிருந்து எலஹெர வீதியில் சென்று, 2017 ஜனவரியில் நீர் தேக்கத் தொடங்கிய மொரகஹகந்த நீர்த்தேக்கத்தைக் கண்டோம். மலைகளிடையே எத்துணை அழகு! உடன்வந்த மாணவர்க்கு நீந்தும் ஆசை எழுந்தது. இலங்கையின் உலர்வலய நீர்நிலைகளில் மெய்யான முதலைகளும் அவ்வாறே கண்ணுயர்த்திப் பார்ப்பதுண்டு என்றோம். ஒருவரும் இறங்கவில்லை.