மறைந்தவனுக்கும் தடிமன் பிடிக்கும்

விஞ்ஞான நவீனங்களையும் மாயக் கதைகளையும் சிறுபிள்ளைப் பொழுதுபோக்கெனத் தள்ளி, மாணாக்கர் கையிற் கண்டவுடன் பறித்துவைக்கும் பெரியோர் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை.

எச். ஜீ. வெல்ஸ் 1897 இல் வெளியிட்ட 'இன்விசிபிள் மான்' என்னும் நவீனத்தை நோக்குவோம். கிறிபின் என்னும் ஆராய்ச்சியாளன் தன் உடலைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாவண்ணம் மறைத்துவிடுகிறான். உடையோ மறையவில்லை! எனவே இலண்டன் மாநகரின் சனவரிக் குளிரில் வெற்றுடம்பினனாய்த் திரிகிறான். தும்மல் எங்கே காட்டிக்கொடுக்குமோ என அஞ்சுகிறான். சேற்றடிச் சுவடு கண்டு தெருச் சிறுவர் தொடர்கின்றனர். உண்ட உணவு உடலிற் கலக்கும்வரை வெளியே தெரியுமாதலின், பசித்தும் உண்ண இயலவில்லை. இயலாததொன்றை நாம் ஒருமுறை ஒப்புக்கொண்டபின், வெல்ஸ் தம் பாத்திரத்துக்கு வேறெச் சலுகையும் அளிப்பதில்லை. கணக்குப் பாடத்தின் கண்டிப்பு இது.

ஜே. ஆர். ஆர். ரொல்கீன் 1937 இல் வெளியிட்ட 'ஹொபிற்' கதையில் வரும் மோதிரமோ, அணிந்தவனை உடையோடு மறைக்கிறது. வெயிலில் மங்கிய நிழல் மாத்திரம் எஞ்சும். அதன் விலை, 1954 முதல் வெளிவந்த தொடர்பெருங்கதையில், அணிந்தவன் உள்ளத்திலிருந்தே அறவிடப்படுகின்றது. அதுவும் பெருமைதான். ஆயினும் எம் மனம் சாய்வது வெல்ஸ் பக்கமே. உள்ளத்தின் வீழ்ச்சியைப் பேசும் காவியங்கள் எமக்குப் பலவுண்டு. மாயாவிக்குத் தடிமன் பிடித்த கதையை வேறெங்கும் யாம் கண்டிலோம்.