நேப்பிள்ஸுக்கு ரெண்டரை நாள்

பிரியமான தோழிக்கு,

விசா வந்துவிட்டது! இனிமேல்தான் கூத்து.

ரோமில் படிக்கிற மகனைப் பார்க்கப் போகும் சாக்கில் நேப்பிள்ஸுக்கும் ரெண்டரை நாள் ஒதுக்கியிருக்கிறோம் என்றேனே, ஞாபகம் இருக்கா? திங்கள் மதியம் போய் இறங்கி, புதன் ராத்திரி ரோமுக்குத் திரும்பல். வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். எங்க வீட்டுக்காரர் பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி கட்டம் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். செவ்வாய் காலை தொல்பொருள் மியூசியம், மதியம் சான்செவெரோ சேப்பல், புதன் பாம்பேய். நானும் தலையாட்டினேன். டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால், மியூசியத்துக்கும் சேப்பலுக்கும் வார லீவு எந்தக் கிழமை தெரியுமா? செவ்வாய்! "எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமைதானே லீவு" என்கிறார் மனுஷன். நான் ஒன்றும் பேசவில்லை. கட்டத்தைக் கிழித்து, பாம்பேயைச் செவ்வாய்க்கு மாற்றி எழுதி ஒட்டினேன்.

அந்தச் சேப்பலைப் பற்றிச் சொல்லியே ஆகணும். உள்ளே இறந்துபோன ஏசு படுத்திருக்கிறார், மேலே மெல்லிய துணி போர்த்தியிருக்கிறது. துணியும் பளிங்குதான்டி! நெற்றி நரம்பு துணிக்கு அடியில் புடைத்துத் தெரிகிறது. போனில் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். 1753ல் ஜுசெப்பே சான்மார்த்தீனோ என்ற சிற்பி ஒரே கல்லில் செதுக்கியது. ஊர்வாய் சும்மா இருக்குமா? செய்யச் சொன்ன இளவரசர் ராய்மொந்தோ தி சாங்ரோவுக்கு ரசவாதப் பித்து. நிஜத் துணியைப் போர்த்தி, மருந்து தெளித்துக் கல்லாக்கிவிட்டார் என்று கிளப்பிவிட்டார்கள். கீழறையில் ரத்தக்குழாய்ப் பின்னலோடு நிற்கிற ரெண்டு எலும்புக்கூடுகளுக்கும் ஒரு கதை: வேலைக்காரர்களைக் கொன்று செய்தாராம். பின்னால் சோதித்துப் பார்த்தால் குழாயெல்லாம் கம்பியும் மெழுகும். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாதாம். ஸ்டேட்டஸ் போட முடியாதே என்று நாத்தனார் முகம் இப்போதே வாடிவிட்டது.

ஆமாம், நாத்தனாரும் வருகிறார். காப்ரி தீவு பார்த்தே தீரணும் என்றார். படகிலேயே அரை நாள் போய்விடும் அண்ணி, அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன். ரெண்டு நாளாகப் பேச்சு இல்லை. பரவாயில்லை. ரெண்டரை நாளில் தீவு, எரிமலை, ஊர் என்று ஓடினால் எதையும் பார்த்ததாக இருக்காது.

மியூசியத்தில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு பொம்மை. 1938ல் பாம்பேய் வீடொன்றைத் தோண்டும்போது கிடைத்த தந்தச் சிலை. சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. உடம்பெல்லாம் நகை, ரெண்டு பக்கமும் தோழிகள். நம் நாட்டில் செய்தது! கி.பி. 79ல் வெசூவியஸ் வெடித்தபோது அதுவும் சாம்பலுக்குள் போயிருக்கிறது. லட்சுமி என்று பேர் வைத்தார்கள், இப்போது யட்சி என்கிறார்கள். இதில் வேடிக்கை, அவள் இருப்பது 'ரகசிய அறை'யில். 1819ல் ராஜகுடும்பம் பார்க்க வந்தபோது அங்கிருந்த சிருங்காரச் சாமான்களைக் கண்டு முகம் சிவந்து பூட்டச் சொன்னார்கள். எல்லாரும் பார்க்கலாம் என்று ஒருவழியாகத் திறந்தது 2000ல். நாத்தனாரை வாசலில் உட்கார வைப்பதா, கூட்டிப் போவதா, நீயே சொல்லு.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. மரினாரா பீட்ஸா என்றால் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான், சீஸ்கூடக் கிடையாது. ஸ்ஃபொல்யத்தெல்லா என்று அடுக்கடுக்காக ஒரு பலகாரம். உள்ளே ரவையும் ரிக்கோட்டாவும் என்று படித்துத் துள்ளிக் குதித்தேன். மேல்மாவில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்களாம். போச்சு! காபியை மட்டும் நின்றுகொண்டே குடிக்கணும். உட்கார்ந்தால் பல இடங்களில் காசு கூட.

பாம்பேய்க்குப் போகிற லோக்கல் ரயிலில் நம்ம பீச்-தாம்பரம் வண்டி மாதிரி கூட்டமாம், பிக்பாக்கெட்டும் உண்டாம். அதனால் ஒரு உதவி. நீ காசி யாத்திரைக்குக் கட்டிக்கொண்டு போன இடுப்புப் பை இருக்கே, அதைத் தேடி எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன். ஜிப் போயிருந்தால் முன்னாடியே சொல்லிவிடு.